தலையிலிருந்து இறங்கிய தொப்பி: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

கடந்த நோன்புப் பெருநாளுக்கு முன்னர் எமது கடையின் மேல்மாடிக் களஞ்சியத்தைத் துப்புரவு செய்தோம். மூலையில் கிடந்த ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு பொருட்கள் அகப்பட்டன. ஒன்று, துருக்கித் தொப்பியை வடிவு குலையாமல் அழுத்தி எடுக்கும் பித்தளை அச்சு. அது என் அப்பாவுடையது. அதாவது வாப்பாவின் வாப்பாவுடையது. மற்றது, பூச்சி அரித்த ஒரு சாம்பல் நிற ஆங்கிலத் தொப்பி. அது வாப்பா வாங்கிய சரக்கில் எஞ்சியது. என் மகன் அச்சைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது என்ன வாப்பா, சட்டியா?" என்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்த வாரக் கட்டுரை பிறந்தது. ஒரு காலத்தில் தொப்பி இல்லாமல் வெளியில் இறங்குவதையே வெட்கமாக நினைத்த ஆண்கள், இரண்டு தலைமுறைக்குள் அதை ஏன் கழற்றி வைத்தார்கள்? அதை விற்றவர்கள் என்ன செய்திருந்தால் அந்தத் தொழில் தப்பியிருக்கும்? இது தொப்பி விற்பவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. இன்று கடையில் எந்தச் சாமானை அடுக்கி வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும்.

முப்பது டசின் தொப்பி

அப்பா காலத்தில் எமது கடை முழுக்க முழுக்கத் தொப்பிக்கடை. நம்மவர்களுக்குத் துருக்கித் தொப்பி, தோட்டத்துரைமாருக்கும் நில அளவையாளருக்கும் வெயில் தொப்பி, கந்தோர் உத்தியோகத்தருக்கு முயல் உரோமத்தை ஆவியில் அழுத்திச் செய்த ஆங்கிலத் தொப்பி. வாப்பா கடையைப் பொறுப்பேற்றபோதே விற்பனை குறையத் தொடங்கியிருந்தது. 1970 இலிருந்து 1977 வரை இறக்குமதி இறுகியிருந்த காலத்தில் தொப்பி வரவே இல்லை. வாப்பா சட்டைப் பொத்தானும் நூலும் விற்றுக் குடும்பத்தைக் காத்தார். "சாமான் இல்லாத குறைதான். சாமான் வந்தா ஆக்கள் வருவாங்க" என்பது அவரது நம்பிக்கை.

1977 இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. அடுத்த வருடமே வாப்பா வங்கியில் கடன் எடுத்து முப்பது டசின் ஆங்கிலத் தொப்பிகளை வரவழைத்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெட்டிகளை உடைத்தபோது வந்த புது உரோம வாசனை இன்னும் நினைவிருக்கிறது. இரண்டு வருடத்தில் விற்றது நான்கு டசினுக்கும் குறைவு. வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆவுக்குக் கடை மூடுமுன் ஒவ்வொரு தொப்பியாக எடுத்துத் தூசி தட்டி வைப்பார். கடைசியில் உம்மாவின் நகைதான் வங்கிக் கடனைக் கட்டியது.

வாப்பா கணக்குத் தெரியாதவர் அல்லர். ஆனால் ஒரு விடயத்தைப் பார்க்கத் தவறினார். 1972 இலும் 1975 இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தோடு வெள்ளைத் தோட்டத்துரைமார் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். கந்தோர் உத்தியோகத்தர் ஏழு வருடம் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போய்ப் பழகிவிட்டார்கள். அவர்களுக்கு ஒரு குறையும் நேரவில்லை. சாமான் இல்லாத காலத்தில் வாடிக்கையாளர் காத்திருக்கவில்லை; அது இல்லாமலே வாழக் கற்றுக்கொண்டார்கள்.

உலகமே தொப்பி அணிந்த காலம்

வாப்பாவுக்கு நேர்ந்தது, உலகின் பெரிய தொப்பிக் கொம்பனிகளுக்கு அதற்கு முன்பே நேர்ந்திருந்தது. நூறு வருடத்துக்கு முந்திய லண்டன், நியூயோர்க் வீதிப் படங்களைப் பாருங்கள். ஆயிரம் ஆண்கள் இருந்தால் ஆயிரம் தலையிலும் தொப்பி இருக்கும். தொப்பியைப் பார்த்தே ஆளின் தரத்தைச் சொல்லலாம். கனவானுக்கு உயர்ந்த கறுப்புப் பட்டுத் தொப்பி, அலுவலகக்காரருக்கு உருண்டையான பவுலர் தொப்பி, தொழிலாளிக்குத் தட்டைத் துணித் தொப்பி. இந்தப் பவுலர் தொப்பி 1849 இல் காட்டுக் காவலர்களுக்காகச் செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. குதிரையில் போகும்போது கிளையில் மோதினாலும் தலையைக் காக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். பின்னர்தான் அது லண்டன் வங்கிக்காரரின் அடையாளமாயிற்று.

இங்கிலாந்தில் ஸ்டொக்போர்ட் நகரம் 1880களில் வருடத்துக்கு 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொப்பிகளை ஏற்றுமதி செய்தது. அமெரிக்காவில் டான்பரி என்ற ஊருக்குத் தொப்பி நகரம் என்றே பெயர். 1865 இல் தொடங்கிய ஸ்டெட்சன் கொம்பனி, 1915 இல் பிலடெல்பியாவில் 5,000 க்கும் மேற்பட்ட தொழிலாளரோடு வருடத்துக்கு 33 இலட்சம் தொப்பிகளைச் செய்தது.

அந்நாளில் வழக்கத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு ஓர் உதாரணம். அமெரிக்காவில் கோடை காலத்துக்கு வைக்கோல் தொப்பி, மற்றக் காலத்துக்கு உரோமத் தொப்பி. செப்டெம்பர் 15 ஆம் திகதிக்குப் பின் வைக்கோல் தொப்பி அணிவது கேலிக்குரியது. 1922 செப்டெம்பரில் நியூயோர்க்கில் இளைஞர் கூட்டம் அந்தத் திகதிக்கு இரண்டு நாள் முன்பே வீதியில் போவோரின் வைக்கோல் தொப்பிகளைப் பறித்து மிதிக்கத் தொடங்கியது. சண்டை பல நாட்கள் நீடித்தது, பலர் கைதானார்கள். இப்படி ஊரே காவல் நின்று உங்கள் சரக்கை விற்றுத் தருமானால் எந்த வியாபாரிதான் நாளையைப் பற்றிக் கவலைப்படுவான்? தொப்பி வியாபாரிகளும் கவலைப்படவில்லை.

பழி சுமந்த ஜனாதிபதி

ஆண்கள் தொப்பியைக் கைவிட்டதற்கு அமெரிக்க ஜனாதிபதி கென்னடியே காரணம் என்று ஒரு கதை உண்டு. 1961 ஜனவரி 20 ஆம் திகதி அவர் வெறுந்தலையோடு பதவியேற்றார், அன்றோடு தொப்பி செத்தது என்பார்கள். இது சரியல்ல. அன்றைய தினம் அவர் பட்டுத் தொப்பியோடுதான் வந்தார். சத்தியப்பிரமாணத்தின்போதும் உரையின்போதும் மட்டுமே அதைக் கழற்றி வைத்தார். அவருக்குத் தொப்பி பிடிக்காது என்பது உண்மை. ஆனால் விற்பனை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே சரிந்துகொண்டிருந்தது. தொப்பித் தொழிலில் உள்ளவர்கள் அவரைத் தொப்பி அணியும்படி வேண்டினார்கள். அவரும் அவர்களைத் திருப்திப்படுத்தச் சில வேளை கையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருவார்.

வியாபாரம் விழும்போது ஒருவர் மேல் பழியைப் போடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பக்கத்துக் கடைக்காரன், புதிய வரி, சீனச் சாமான் என்று ஏதாவது ஒன்று அகப்படும். அந்தப் பழி நமக்கு ஆறுதல் தரும். ஆனால் உண்மையான காரணத்தைத் தேட விடாது.

தொப்பி செய்த வேலைகள்

ஒரு பொருளை மக்கள் வாங்குவது அது செய்யும் வேலைக்காக. தொப்பி ஒரு வேலை அல்ல, பல வேலைகளைச் செய்தது. அந்த வேலைகளை மற்றப் பொருட்கள் ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டன.

முதல் வேலை, தலையைக் குளிரிலிருந்தும் மழையிலிருந்தும் நிலக்கரிப் புகையிலிருந்தும் காப்பது. அன்று ஆண்கள் நெடுந்தூரம் நடந்தார்கள், திறந்த வண்டியில் போனார்கள். பின்னர் கூரை மூடிய மோட்டார் கார் வந்தது. வீட்டு வாசலில் ஏறி அலுவலக வாசலில் இறங்குபவருக்குக் காரின் கூரையே தொப்பி. 1950களில் காரின் கூரை தாழ்ந்தபோது தொப்பியோடு உள்ளே உட்காரவும் முடியாமல் போனது. லண்டனில் 1952 இன் கொடிய புகைமூட்டத்துக்குப் பின் 1956 இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும் இருக்கும்போது தலையில் கொஞ்சம் தூசி படிந்தாலும் கழுவிவிடலாம்.

இரண்டாவது வேலை, வாரிய தலைமயிர் கலையாமல் பார்ப்பது, வாராத தலையை மறைப்பது. 1928 இல் பிர்மிங்ஹாமில் பிறந்த பிறில்கிறீம் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. பூசி வாரிய தலையைக் காட்டுவதே அழகு என்றானது. மறைக்கும் தொப்பி இடைஞ்சலாயிற்று. 1960களில் இளைஞர்கள் தலைமயிரை நீள வளர்த்தபோது கதை முடிந்தது. தொப்பிக்காரரின் பணம் முடிதிருத்துபவரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது வேலை, ஆளின் தரத்தைச் சொல்வது. இரண்டு உலகப் போர்களிலும் கோடிக்கணக்கான ஆண்கள் உத்தரவின் பேரில் தலையில் இரும்புத் தொப்பியும் சீருடைத் தொப்பியும் சுமந்தார்கள். வீடு திரும்பியவர்களில் பலர், இனி யாரும் எனக்குத் தொப்பி போடச் சொல்ல வேண்டாம் என்ற மனநிலையில் இருந்தார்கள். பெரியவரைக் கண்டால் தொப்பியை உயர்த்தும் மரியாதையும் மெல்லத் தளர்ந்தது.

இவற்றோடு நாலாவதாக ஒரு தொந்தரவும் இருந்தது. தொப்பிக்கு வைக்க இடம் வேண்டும். கழற்றினால் மடிக்க முடியாது, மேலே உட்கார்ந்தால் நசுங்கும். நியூயோர்க் உணவகங்களில் அதை வாங்கி வைப்பதற்கென்றே ஆட்கள் நின்றார்கள். திரும்ப எடுக்கும்போது சில்லறை கொடுக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு பணம், தொப்பிக்கு ஒரு பணம். இதைத் தவிர்க்க மிக எளிய வழி, தொப்பி இல்லாமல் வருவதுதான்.

இதையெல்லாம் கண்ட கொம்பனிகள் என்ன செய்தன? வாடிக்கையாளரைத் திட்டின. முன்னேற விரும்புபவன் தொப்பி வாங்கட்டும் என்ற பொருளில் பிரித்தானியத் தொப்பி வணிகர்கள் விளம்பரம் செய்தார்கள். தொப்பி இல்லாதவன் அரைகுறையாக உடுத்தவன் என்று அமெரிக்க விளம்பரங்கள் குத்திக்காட்டின. மகனிடம் தகப்பனின் தொப்பியை, தகப்பனின் விலையில், தகப்பனின் குரலில் விற்கப் பார்த்தார்கள். மகன் வாங்கவில்லை. ஸ்டெட்சனின் பிலடெல்பியாத் தொழிற்சாலை 1971 இல் மூடப்பட்டது. ஸ்டொக்போர்ட்டின் கடைசித் தொப்பித் தொழிற்சாலை 1997 இல் மூடப்பட்டது. இன்று அங்கே ஒரு தொப்பி நூதனசாலை இருக்கிறது.

நமது துருக்கித் தொப்பி

நம்மவர்களின் துருக்கித் தொப்பிக்கு வேறு ஒரு வரலாறு உண்டு. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1829 இல் அரசாங்க உத்தியோகத்தருக்கு அதைக் கட்டாயமாக்கினார். முன்விளிம்பு இல்லாததால் தொப்பியோடு ஸுஜூது செய்யலாம். தலைப்பாகையைவிட நவீனமாகவும் தோன்றும். ஆனால் துருக்கியர் அணிந்த தொப்பியில் பெரும்பகுதியைச் செய்து விற்றது ஒஸ்திரியப் பேரரசின் தொழிற்சாலைகள். 1908 இல் ஒஸ்திரியா பொஸ்னியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டபோது துருக்கியர் ஒஸ்திரியச் சாமான்களைப் பகிஷ்கரித்தார்கள். தங்கள் தலையில் இருப்பதே ஒஸ்திரியச் சாமான் என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. தொப்பிகளைக் கிழித்தெறிந்துவிட்டு வெள்ளைக் கம்பளித் தொப்பி அணிந்தார்கள்.

இலங்கையில் அது பரவியதற்கு, 1883 இல் இங்கு நாடு கடத்தப்பட்டு வந்த எகிப்தின் ஒறாபி பாஷாவும் தோழர்களும் ஒரு காரணம். 1901 வரை இங்கிருந்த அவரைப் பார்த்து நம் முன்னோரில் வசதியானவர்கள் கோட்டும் காற்சட்டையும் துருக்கித் தொப்பியும் அணியத் தொடங்கினார்கள். 1905 இல் சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லெயார்ட் அதை ஏற்க மறுத்தார். அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை. அந்த வருடம் டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் கூடி எதிர்ப்புத் தெரிவித்தது. இறுதியில் அந்த உரிமை கிடைத்தது.

துருக்கியில் 1925 நவம்பரில் அத்தாதுர்க்கின் அரசு சட்டம் போட்டுத் துருக்கித் தொப்பியை நீக்கி ஐரோப்பியத் தொப்பியைத் திணித்தது. எதிர்த்தவர்களில் சிலர் தூக்குமேடை வரை போனார்கள். எகிப்தில் 1930களின் தொடக்கத்தில், அந்நியத் தொப்பி வேண்டாம் என்று ஆளுக்கு ஒரு சல்லியாகச் சேர்த்து இளைஞர்கள் உள்நாட்டிலேயே ஒரு தொப்பித் தொழிற்சாலை எழுப்பினார்கள். ஆனால் 1952 புரட்சிக்குப் பின் அதே தொப்பி பழைய பாஷாக்களின் அடையாளமாகப் பார்க்கப்பட்டு மறைந்தது. உற்பத்தியைச் சொந்தமாக்கினால் மட்டும் போதாது, அணிபவர் அதை ஏன் அணிகிறார் என்பதும் மாறாமல் இருக்க வேண்டும்.

நமது நாட்டில் எந்தச் சட்டமும் வரவில்லை. நீதிமன்றத்தோடு மோதி வென்ற தொப்பியை யாரும் சொல்லாமல் நாமே கழற்றினோம். காரணம் சாதாரணமானது. அது கோட்டோடு சேர்ந்த தொப்பி. கோட் போனதும் அது தனியாக நிற்கவில்லை. புழுக்கத்தில் வியர்வை ஊறும், மழையில் நனைந்தால் வடிவம் குலையும். பிறகு பித்தளை அச்சில் ஏற்றிச் சூடுகாட்டி எடுக்க வேண்டும். அந்த அச்சு வைத்திருந்தவர்கள் தொழிலை விட, தொப்பியைச் சீராக்க வழியில்லாமல் போனது. தொழுகைக்கோ துவைக்கக்கூடிய, சட்டைப்பையில் மடித்து வைக்கக்கூடிய, சில ரூபாய்க்குக் கிடைக்கும் வெள்ளைத் தொப்பி வந்துவிட்டது. துருக்கித் தொப்பி மாப்பிள்ளையின் தலையிலும் சேர் ராசிக் பரீத் போன்ற தலைவர்களின் படங்களிலும் கொஞ்ச காலம் தங்கிப் பின் அங்கிருந்தும் இறங்கியது.

தப்பியவர்கள்

தொப்பி முழுவதுமாக அழிந்துவிட்டதா? இல்லை. வேலை மிச்சமிருந்த இடத்தில் தொப்பியும் மிச்சமிருக்கிறது.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் 1920 இல் தொடங்கிய நியூ எரா என்ற சிறு கொம்பனி அன்றைய நாகரிகத் துணித் தொப்பிகளைத்தான் செய்தது. அந்த விற்பனை சரிந்தபோது அது வாடிக்கையாளரைத் திட்டவில்லை. பேஸ்போல் விளையாட்டு வளர்வதைக் கண்டு, 1934 இல் கிளீவ்லாந்து அணிக்குத் தொப்பி செய்து கொடுத்தது. பின்னர் அணியை ஆதரிப்பவர்களும் அதே தொப்பியைக் கேட்டார்கள். 1993 முதல் அந்நாட்டின் முதல்தர பேஸ்போல் அணிகள் எல்லாவற்றுக்கும் மைதானத்தில் அணியும் தொப்பியைத் தனியாக வழங்கும் கொம்பனி அது. நம் ஊர்ப் பிள்ளைகளின் தலையில் இருப்பதும் அந்த வடிவத் தொப்பியே. இலேசானது, துவைக்கலாம், வெயிலை மறைக்கும், நான் யார் பக்கம் என்பதையும் சொல்லும்.

அவுஸ்திரேலியாவில் தோல் புற்றுநோய் அதிகம். 1981 இல் அங்கே சட்டை அணியுங்கள், வெயில் களிம்பு பூசுங்கள், தொப்பி போடுங்கள் என்று சுகாதாரப் பிரசாரம் தொடங்கியது. தொப்பி இல்லாத பிள்ளைக்கு வெயிலில் விளையாட அனுமதியில்லை என்ற விதி பல பாடசாலைகளில் வந்தது. நாகரிகம் கைவிட்ட தொப்பியை மருத்துவம் தலையில் வைத்தது.

இந்தோனேசியாவின் கறுப்புப் பெசித் தொப்பியை 1921 இல் இளைஞரான சுகார்னோ தேசியத்தின் அடையாளமாக எடுத்துக்கொண்டார். நம் மலாய்ச் சகோதரர்கள் சொங்கொக் என்று சொல்வது இந்த வகைத் தொப்பியைத்தான். துருக்கித் தொப்பியைப் போல இதிலும் முன்விளிம்பு இல்லை. ஆனால் தட்டையாக மடித்துப் பையில் வைக்கலாம். ஒன்று சாய, மற்றது நிலைத்ததற்கு அரசியல் மட்டும் காரணமல்ல என்பது ஒரு வியாபாரியாக என் எண்ணம்.

கெய்ரோவின் அல்கூரியா வீதியில் பித்தளை அச்சில் துருக்கித் தொப்பி அழுத்தும் கடை இன்னும் உண்டு. வெள்ளைத் துணி சுற்றிய தலைப்பாகைக்கு அடித்தளமாக அதை அணியும் அல்அஸ்ஹர் உலமாக்களும் மாணவர்களும் அதன் வாடிக்கையாளர்கள். சிறிய சந்தை, ஆனால் உறுதியான சந்தை.

எப்படிக் காப்பாற்றியிருக்கலாம்?

ஆங்கிலத் தொப்பியை இன்றும் ஒவ்வொரு தலையிலும் வைத்திருக்க யாராலும் முடிந்திருக்காது. ஆனால் இவ்வளவு தூரம் விழாமல் தடுத்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன்.

முதலாவது, அதை மடிக்கக்கூடியதாக, துவைக்கக்கூடியதாக, இலேசானதாக மாற்றியிருக்க வேண்டும். கார் கூரை தாழும்போது தொப்பியின் உயரத்தையும் குறைத்திருக்க வேண்டும். இரண்டாவது, வெயிலையும் உடல் நலத்தையும் முன்னிறுத்தியிருக்க வேண்டும். தேவைக்கு வாங்கும் பொருளை நாகரிகம் எளிதில் வீழ்த்தாது. மூன்றாவது, இளைஞருக்குத் தனி வடிவமும் தனி விலையும் வைத்திருக்க வேண்டும். இருபது வயதில் வாங்காதவன் நாற்பது வயதில் வாங்க மாட்டான். நாலாவது, வைக்கும் இடத்தைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். உணவகத்திலும் பஸ்ஸிலும் காரிலும் தொப்பிக்கு ஒரு கொக்கி இல்லாமல் போனதை எந்தக் கொம்பனியும் தன் பிரச்சினையாக எடுக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்குபவர் விருப்பத்தால் வாங்குகிறாரா, ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தால் வாங்குகிறாரா என்று கேட்டிருக்க வேண்டும். பயத்தால் வாங்கும் பொருளின் விற்பனை மலைபோல் தெரியும். முதல் பத்துப் பேர் துணிந்து கழற்றி, அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்று மற்றவர்கள் கண்டதும் அது ஒரே தலைமுறையில் கரைந்துவிடும்.

என் கடையில்

இன்று எமது கடையில் தொப்பி இல்லை. டை, இடுப்புப்பட்டி, காலுறை, கைலேஞ்சி விற்கிறோம். 2020 இல் தொடங்கி 2022 நெருக்கடியில் மேலும் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் எமது தட்டுகள் பாதி வெறுமையாகின. பின்னர் அவை படிப்படியாகத் தளர்ந்தபோது வெளிநாட்டு முகவர் ஒருவர் ஐந்நூறு டசின் டையை மிக மலிவாகத் தருவதாகச் சொன்னார். எனக்கு ஆசை வந்தது. "இவ்வளவு காலம் சாமான் இல்ல. வந்தா ஆக்கள் வருவாங்க" என்று மகனிடம் சொன்னேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று விளங்கியது.

மகன் ஒரு கொப்பி எடுத்தான். ஒரு மாதம் டை வாங்கிய ஒவ்வொருவரிடமும் எதற்காக என்று மரியாதையாகக் கேட்டு எழுதினான். பாடசாலைக்கு, வங்கி வேலைக்கு, ஹோட்டல் வேலைக்கு, சட்டக் கல்விக்கு, கல்யாணத்துக்கு என்றே ஏறத்தாழ எல்லாப் பதிலும் இருந்தது. தன் விருப்பத்துக்கு வாங்கியவர் மூன்று பேர். மூவரும் என்னைவிட வயதானவர்கள். அதில் இருவர் வாப்பா காலத்து வாடிக்கையாளர்கள்.

நான் அந்தச் சரக்கை எடுக்கவில்லை. பாடசாலை, நிறுவன நிறங்களில் இங்கேயே சிறு அளவில் தைப்பித்து விற்கத் தொடங்கியிருக்கிறோம். வங்கியும் ஹோட்டலும் நாளை டை தேவையில்லை என்று சொன்னால் அதுவும் நிற்கும் என்பது தெரியும். அதனால் கையிருப்பு ஒரு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை. இதில் பரக்கத் உண்டா என்பது அல்லாஹ்வுக்கே வெளிச்சம். ஆனால் இம்முறை வீட்டு நகை வங்கிக்குப் போகவில்லை.

வாசக சகோதரர்களும் இந்த வாரம் இதைச் செய்து பார்க்கலாம். கடையில் அதிகம் பணம் முடங்கியிருக்கும் ஒரு பொருளை எடுங்கள். கடைசியாக அதை வாங்கிய பத்துப் பேரும் ஏன் வாங்கினார்கள், அவர்களுக்கு என்ன வயது, அவர்களின் பிள்ளைகளும் வாங்குவார்களா என்று ஒரு தாளில் எழுதுங்கள். பதில் தெரியாவிட்டால் அடுத்த ஓடருக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாடிக்கையாளரிடம் கேட்பதற்குச் செலவில்லை. என் வாப்பா கேட்காமல் விட்டதற்கு என்ன செலவானது என்பதை மேலே எழுதிவிட்டேன்.

பித்தளை அச்சைக் காசாளர் மேசையில் வைத்திருக்கிறேன். வருபவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள். சொல்லிக் கொடுக்கிறேன்.